பதினோராவது பெட்டி

மார்ச் 4

சிட்டு,

ஜனவரி இருபதாம் தேதி குழந்தைகள் இல்லத்தின் முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நீ. அந்தப் பெண். செயலாளர் அம்மா. உன் அண்ணன். நான். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போக மனமில்லாமல் கதவோரம் நின்றுவிட்ட சமையல்காரம்மா. வேறு யாரும் இல்லை. இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. இந்த ஆறு பேரின் கண் முன்னால்தான் இரண்டு பதிவு ரசீதுகளும் மேசைமேல் கிடந்தன. உன்னுடையதில் பதினொன்று. அவளுடையதில் பத்து. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. பதிவு செய்த வரிசையாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். எண்ணைப் போட்டவர் செயலாளர் அம்மா. அவருக்கும் அன்று கண்ணாடி நனைந்திருந்தது. நீ அழுதுகொண்டிருந்தாய். ரசீதைப் பார்க்கவா தோன்றும்?

அது பதிவு வரிசை இல்லை. கோப்பு எண். ஒவ்வொரு குழந்தையும் இல்லத்துக்கு வந்த வரிசைப்படி போட்டது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே எண்தான் இருக்க வேண்டும்.

சிட்டு, அவள் உன் மகள் இல்லை.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியிலேயே நான் உடைந்துவிடுவேன், நீ உன் அண்ணனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாய். எழுதினால் ஒவ்வொன்றாக வரிசையில் வைக்கலாம். வரிசை என்று எழுதவே இப்போது கை கூசுகிறது.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் மறுபடி எழுதுகிறேன். எனக்கே எழுதிப் பார்த்தால்தான் பிடிபடுகிறது. உன் குழந்தை பிறந்த வருஷம் இல்லத்தில் விடப்பட்ட பெண் குழந்தைகளில், தாய் மகள் இருவருமே சந்திக்கச் சம்மதித்துக் கடிதம் கொடுத்தவை பதினொரு கோப்புகள். தாயின் கடிதம் மகளுக்குப் போக வேண்டும், மகளின் கடிதம் தாய்க்கு. சேர்த்து அனுப்பும் புரோகிராமை எழுதியது நான். “வெளியாள் கையில குடுக்க மனசு வரலம்மா, நீயே எழுதிடு” என்றார் செயலாளர் அம்மா. நாலு வருஷமாக அடுப்படி அலமாரியில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, சோறு வேகிற நேரத்தில் நானாகக் கற்றுக்கொண்ட ஃபங்ஷனல் புரோகிராமிங் என்கிற கம்ப்யூட்டர் வித்தை ஒரு நல்ல காரியத்துக்கு ஆகிறதே என்று கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

தாய்மார்களின் கடிதங்கள் ஒரு லிஸ்ட். மகள்களின் கடிதங்கள் ஒரு லிஸ்ட். இரண்டும் கோப்பு எண் வரிசையில். ஒவ்வொரு கடிதமும் ஒரு பெட்டிக்குள். நிஜப் பெட்டி இல்லை. கம்ப்யூட்டருக்குள் நாம் கட்டுகிற பெட்டி. கடிதம் இருந்தால் உள்ளே இருக்கும், இல்லாவிட்டால் காலி. கடைசி வாரத்தில் நான்காம் கோப்பின் தாயார் மனம் மாறித் தன் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தப் பெட்டி காலியாயிற்று. காலிப் பெட்டிகளை எடுத்துப் போட்டுவிட்டு, இரண்டு லிஸ்ட்டையும் சட்டை ஜிப்பை ஏற்றுவதுபோல் ஒன்றுக்கு ஒன்று கோர்க்கச் சொன்னேன்.

காலியை எடுத்ததும் நான்காம் இடம் வெற்றிடமாக நிற்கவில்லை. பின்னால் இருந்த தாய்மார்கள் அத்தனை பேரும் ஓர் அடி முன்னால் நகர்ந்துவிட்டார்கள். மகள்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நான்காம் மகளுக்கு ஐந்தாம் தாய் போய்ச் சேர்ந்தார். ஐந்தாம் மகளுக்கு ஆறாம் தாய். இப்படியே போய், பத்தாம் மகளுக்கு நீ.

முதல் மூன்று ஜோடி சரி. பின்னால் வந்த ஏழும் தப்பு.

நேற்றுக் காலையில்தான் தெரிந்தது. அடுத்த வருஷத்துக் கோப்புகளுக்காக அந்தப் புரோகிராமைத் தூசி தட்டினேன். கடிதங்களுக்குப் பதில் வெறும் எண்களைப் போட்டு ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். முன்பும் பார்த்தேன், அப்போது எல்லாப் பெட்டிகளும் நிரம்பியிருந்தன. நேற்று ஏதோ தோன்றி, ஐந்தில் மூன்றாவதைக் காலியாக விட்டேன். மூன்றுக்கு நான்கு என்று வந்தது. நான்குக்கு ஐந்து. ஐந்து தனியே. கேஸில் பால் பொங்கி வழிந்ததை அணைக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுத இன்று முடியவில்லை.

அவளிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. முதலில் உனக்குத்தான். திட்டியாவது எழுது.

அண்ணி


மார்ச் 9

அண்ணி,

உங்கள் கடிதம் பல் லேபுக்கு வந்தது. கையுறையைக் கழற்றாமல் பிரித்தேன், அதனால் தாள் முழுக்கப் பிளாஸ்டர். ‘மகள் இல்லை’ என்ற இடத்தில் என் கட்டைவிரல் அச்சு வெள்ளையாக விழுந்திருக்கிறது. துடைத்துப் பார்த்தேன். எழுத்து போகவில்லை.

போன் பண்ணாதீர்கள். எடுக்க மாட்டேன். கடிதம் வந்ததிலிருந்து நீங்கள் அடித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. எழுதுங்கள். வாயால் பேசினால் நான் என்ன சொல்வேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

அவள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள், உங்களுக்குத் தெரியாது. நாள் முழுக்கப் பஸ் ஓட்டுகிறவள். ரோட்டில் திட்ட முடியாததையெல்லாம் தூக்கத்தில் கடித்துத் தீர்த்துக்கொள்கிறாள். நானும் கடிப்பேன். அவளுக்குப் பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு காப்பு செய்துகொடுக்க அச்சு எடுத்தேன். கீழ்வரிசையில் முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. எனக்கும் அதே பல், அதே பக்கம். அந்த அச்சைக் கையில் வைத்துக்கொண்டு அன்று சாப்பிடக்கூடப் போகவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஊரில் இருக்கிற வாயெல்லாம் பார்த்துப் பல் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பல் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் திரும்பியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் பிடித்துக்கொண்டேன்.

பிறந்த தேதியும் மூன்று வாரம் தள்ளி இருந்தது. இல்லத்தில் சேர்த்த நாளைத்தான் பிறந்த நாளாக எழுதுவார்கள் என்று யாரும் சொல்லாமலே நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்கள் புரோகிராம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யவில்லை அண்ணி.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் லேபுக்கு ஒரு நாளைக்கு நாற்பது அச்சு வரும். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே அளவு. சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வேலை பல் கட்டுவது இல்லை. பிளாஸ்டர் ஈரமாக இருக்கும்போதே அச்சின் அடியில் ஆணியால் எண்ணைக் கீறுவது. தட்டில் சீட்டு ஒட்டினால் தட்டு மாறும். வரிசையாக அடுக்கினால் யாராவது நடுவில் ஒன்றை உருவிக்கொண்டு போவார்கள். பல் யாருடையது என்று பல்லே சொல்ல வேண்டும். எட்டாவது படித்துவிட்டு வருகிற பெண்களுக்கு முதல் நாள் தெரிகிற விஷயம் இது. நீங்கள் வீட்டு மளிகை டப்பாவுக்கெல்லாம் உள்ளேயும் வெளியேயும் பெயர் எழுதி ஒட்டுகிறவர். இத்தனை பேர் வாழ்க்கையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் என்ன?

அவளிடம் யாரும் சொல்ல வேண்டாம். சொன்னால் நான்தான் சொல்வேன்.

என்னுடையவள் எங்கே? அதைத்தானே எழுத முடியவில்லை என்கிறீர்கள். எழுதுங்கள்.

சிட்டு


மார்ச் 13

சிட்டு,

நீ கேட்டதற்கு முதலில் பதில்.

உன் மகள் பதினொன்றாம் கோப்பு. தாய்க் கடிதங்கள் பத்து, மகள் கடிதங்கள் பதினொன்று. கோர்க்கிற ஃபங்ஷன், அதாவது புரோகிராமுக்குள் அந்த ஒரு வேலையை மட்டும் செய்கிற துண்டு, ஏதாவது ஒரு லிஸ்ட் தீர்ந்ததும் சத்தமில்லாமல் நின்றுவிடும். இன்னொன்றில் மிச்சம் இருப்பதைப் பற்றி வாயே திறக்காது. அப்படி மிச்சமானவள் உன் மகள்.

மிச்சத்தைத் தனியே எண்ணி எடுக்க வேறொரு ஃபங்ஷன் இருந்தது; மிச்சமாகிறவருக்கு என்ன கடிதம் போக வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருந்தேன். நான்காம் மகளுக்குப் போகும் என்று நினைத்து எழுதியது. ஜனவரி பன்னிரண்டாம் தேதி அது உன் மகளுக்குப் போயிற்று. வாசகம் இதுதான்: “உங்கள் தாயார் உங்களைச் சந்திக்கச் சம்மதித்துக் கடிதம் கொடுத்திருந்தார். பிறகு மனம் மாறி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வருந்துகிறோம்.” படிக்கிறவள் மனம் நோகக் கூடாதே என்று மூன்று முறை திருத்தினேன்.

நீ அந்த முன்னறையில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு அழுதபோது, உன் மகளுக்கு இது போய் எட்டு நாள் ஆகியிருந்தது.

எப்படி யாரும் கவனிக்கவில்லை என்று நீ கேட்கவில்லை. ஆனால் நான் சொல்ல வேண்டும். அன்று ஓட்டி முடித்ததும் திரையில் வந்தது: ஜோடி பத்து, மிச்சம் ஒன்று. திரும்ப வாங்கியவர் ஒருவர், மிச்சமும் ஒருவர். கணக்கு டாலி. பதினாறு வருஷமாக இந்த இல்லத்தின் கணக்கு நோட்டை எழுதுகிறேன். உன் அண்ணன் கல்யாணமான மூன்றாம் வருஷம் உன் குழந்தையைப் பற்றி என்னிடம் சொன்னாரே, அதற்குப் பிறகுதான் அங்கே போக ஆரம்பித்தேன். பணம் கொடுக்க முடியாது, கணக்காவது எழுதலாம் என்று. கூட்டுத்தொகை சரியாக வந்துவிட்டால் எனக்கு மனசு அடங்கிவிடும். அன்றும் அடங்கியது. மிச்சம் எத்தனை என்று பார்த்தேன். மிச்சம் யார் என்று பார்க்கவில்லை.

திறந்து பார்த்திருந்தால் என்ன என்று கேட்டாய். திறக்க முடியாதபடி எழுதியதே நான்தான். வேண்டுமென்றே.

இந்த வித்தையில் ஒன்று உண்டு. ஒரு ஃபங்ஷன் எழுதும்போது அதற்குள் வருவது எண்ணா, எழுத்தா, தேதியா என்று வகையைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாமல், ‘எதுவாகவும் இருக்கட்டும்’ என்று பொதுவாக ஒற்றை எழுத்தைப் போட்டுவிடலாம். போட்டுவிட்டால், உள்ளே இருப்பதை அந்த ஃபங்ஷனால் படிக்க முடியாது. படிக்கப் போனால், எழுதியதைச் சரிபார்க்கிற கம்பைலர் வாசலிலேயே மறித்துவிடும். இடம் மாற்றலாம், நகல் எடுக்கலாம், நழுவவிடலாம். படிக்க முடியாது, இல்லாததை இட்டுக்கட்டவும் முடியாது. கடுகுக்கும் கடிதத்துக்கும் அதே ஃபங்ஷன்தான். அதற்கு வித்தியாசம் தெரியாது. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு மெய் சிலிர்த்துப்போயிற்று. சுமை என்னவென்று கேட்காமல் சுமந்துகொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள். இல்லத்து வேலைக்கு இதைவிட என்ன வேண்டும்? யார் வீட்டு ரகசியமும் என் கண்ணில் படக் கூடாது என்று பிரார்த்தித்துக்கொண்டுதான் ஒவ்வொரு வரியும் எழுதினேன். கோப்பு எண்ணைக்கூட உள்ளே விடவில்லை. எண்ணை வைத்து யாராவது ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்று அதையும் உரித்துப் போட்டேன்.

அதனால்தான் பத்தாம் மகளையும் பதினொன்றாம் தாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, இது பொருந்தவில்லையே என்று சொல்ல அந்தப் புரோகிராமில் யாருக்கும் கண் இல்லை. கம்பைலர் ஒரு பிழைகூடக் காட்டவில்லை. ஒரு தாய்க் கடிதம், ஒரு மகள் கடிதம், சேர்ந்தால் ஒரு ஜோடி. வகை சரி. வகை சரியாக இருந்தால் ஆளும் சரியாக இருப்பாள் என்று நம்பினேன். நழுவவிடலாம் என்று நானே படித்த சொல்லை மறந்துபோனேன்.

செயலாளர் அம்மாவிடம், உனக்கு எழுதிப் போட்ட அன்றைக்கே சொல்லிவிட்டேன். கையில் இருந்த பேனாவுக்கு மூடி போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

“யாராவது குறை சொன்னாங்களா?”

“இல்லம்மா.”

“எல்லாரும் சந்தோஷமாத்தானே இருக்காங்க. ஏழு குடும்பம். நீயா போய்க் கலைக்கணுமா?”

“பதினொண்ணாவது பொண்ணு சந்தோஷமா இருக்காளான்னு யாராவது கேட்டமா?”

பேனாவை மேசைமேல் வைத்தார். பிறகு, “உன் நாத்தனார் பொண்ணுங்கறதால கேக்கறியா, நியாயத்துக்குக் கேக்கறியா?” என்றார்.

“ரெண்டுக்கும்தாம்மா. எது எவ்வளவுன்னு பிரிக்கத் தெரியல” என்றேன். கமிட்டியைக் கூட்டுகிறேன் என்றிருக்கிறார்.

உன் அண்ணனிடமும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தையை அன்று இல்லத்து வாசல்வரை தூக்கிக்கொண்டு போனவர் அவர்தானே. முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப மறுபடியும் நம்ம வீட்டாளுங்கதான் அவளை விட்டுட்டு வந்திருக்கோம்” என்றார். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமானால் ஜாடியைப் பார்க்கிறார். நான் எடுத்து வைக்கிறேன்.

அண்ணி


மார்ச் 24

அண்ணி,

பத்து நாளாக எழுதாதது கோபத்தால் இல்லை. கோபத்தாலும்தான்.

‘மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொண்டார்’ என்கிற வரியை வேலை மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி படித்தேன். கையில் இருந்த அச்சு விழுந்து இரண்டாகப் போயிற்று. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஒரு பள்ளிக்கூட வாத்தியாருடைய மேல்வரிசை. மறுபடி அளவெடுக்க அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. போனில் “சார், தப்பு நடந்துபோச்சு” என்று மட்டும் சொன்னேன். “பல்லுதானேம்மா, விடு” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லிவிட்டேன்.

டிப்போவுக்குப் போனேன். மதிய ட்ரிப்புக்கு இருபது நிமிஷம் இருந்தது. காலி பஸ்ஸில் அவள் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் எனக்கு இடம் துடைத்துக் கொடுத்தாள்.

“என்னம்மா, மூஞ்சி ஏன் பேய் அடிச்ச மாதிரி இருக்கு? லேபுல யாராச்சும் கடிச்சிட்டாங்களா?”

“நான் உன் அம்மா இல்லடி” என்று சொல்லிவிட்டேன். எட்டு நாள் யோசித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை.

முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். காலிப் பெட்டி, ஓர் அடி நகர்ந்தது, பத்து, பதினொன்று. நடுவில் அவள் முழங்கை ஹாரனில் பட்டு, டிப்போவே திரும்பிப் பார்த்தது. அவள் கையை எடுக்கவில்லை. நான்தான் எடுத்துவிட்டேன்.

“அப்ப என் அம்மா?”

“பத்தாவது கோப்பு. வேற ஒரு பொண்ணோட இருக்காங்க. அவங்களுக்கும் தெரியாது.”

“நல்லவங்களா?”

“தெரியாதும்மா.”

“உங்க அளவுக்குப் பேசுவாங்களா?”

“அதுவும் தெரியாது.”

டப்பாவை மூடினாள். திறந்தாள். சாப்பிடவில்லை. “தெனமும் ரெண்டு பேராவது பஸ் மாறி ஏறிடுவாங்க” என்றாள். “பாதி வழியில தெரிஞ்சதும் என்னைத்தான் திட்டுவாங்க, நான் கையைப் பிடிச்சு இழுத்து ஏத்தின மாதிரி. அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கங்கன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிடுவேன். இறங்கினப்புறம் அவங்க என்ன ஆனாங்கன்னு ஒரு நாளும் நினைச்சதில்ல.”

நான் அழுதேன். அவள் அழவில்லை. இருக்கைக்குப் பின்னால் மாட்டியிருந்த பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தாள். இல்லத்துக்கு நான் எழுதிக்கொடுத்தது. பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறாள். “இது அவளுக்கு எழுதினது. நான் முழுசாப் படிச்சிட்டேன். பலமுறை படிச்சிட்டேன். மன்னிச்சுக்கச் சொல்லுங்க” என்று என் மடியில் வைத்தாள்.

“காப்பு?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. பைத்தியக்காரத்தனம்.

“அது என் பல்லுக்கு அளவெடுத்துச் செஞ்சது. அது என்னோடதுதான். குடுக்கமாட்டேன்.”

மணி அடித்தார்கள். ஆட்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். நான் இறங்கும்போது, “அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவீங்களா?” என்றாள்.

“வரலாமா?”

“வரலாமான்னு நான் கேக்கல. வருவீங்களான்னு கேட்டேன்.”

அவள் என்னை அம்மா என்றும் கூப்பிடவில்லை, வேறு எப்படியும் கூப்பிடவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே பஸ்ஸை எடுத்தாள். அவள் அப்படி ஓட்டுகிறவள் இல்லை.

அண்ணி, எனக்குப் பதினொன்றாவது கோப்பின் விலாசம் வேண்டும். சட்டம், கமிட்டி எதுவும் பேசாதீர்கள். நான் போய் அவள் வாசலில் நிற்கிறேன். திரும்ப வாங்கிக்கொண்டேனாம். பத்தொன்பது வயதில் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள்; நான் யாரிடமும் எதையும் திரும்ப வாங்கவில்லை. அதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். விலாசம் அனுப்புங்கள்.

சிட்டு


மார்ச் 29

சிட்டு,

விலாசம் அனுப்ப மாட்டேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

கமிட்டி கூடியது. உன்னைத் தவிர மற்ற ஆறு குடும்பங்களிலும் நேரில் போய்ச் சொல்வது என்று முடிவாயிற்று. செயலாளர் அம்மாவும் நானும் போனோம். எல்லாவற்றையும் எழுத மாட்டேன், அது அவர்களுடையது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் மற்றத் தாய்மார்களிடம் சொல்லச் சொன்னவர் அவரே. ஐந்தாம் தாயார். நான்காம் மகளோடு ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கிவிட்டவர். நான் ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார். “முதல் நாளே தெரியும். என் கொழந்தைக்குப் பொறந்தப்பவே காதுக்குப் பின்னால ஒரு மச்சம். இவளுக்கு இல்ல. சொன்னா திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு சொல்லல” என்றார். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண், “எனக்கும் தெரியும்” என்றாள். இருவரும் ஒருவரையொருவர் அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் சொந்தத் தாய்தான் திரும்ப வாங்கிக்கொண்டவர். அதையும் நாங்கள் சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னோம். வாசலில் செருப்பைப் போடச் செயலாளர் அம்மாவுக்கு என் தோள் தேவைப்பட்டது.

உன் டிரைவரின் தாயாரிடமும் சொல்லியாயிற்று. நிறையப் பேசுகிறவர்தான். அவளிடம் அதை மட்டும் நீ சொல்லிக்கொள்.

புரோகிராமைத் திருத்தினேன். எண்ணைப் பெட்டிக்குள்ளேயே கீறிவிட்டேன், நீ அச்சில் கீறுவதுபோல. கடிதத்தை இப்போதும் எந்த ஃபங்ஷனும் படிக்காது. எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும். காலிப் பெட்டியை யாரும் எடுத்துப் போடுவதில்லை. அது காலியாகவே தன் இடத்தில் நிற்கிறது. பழைய பெட்டிகளைக் கடிதம் இல்லாமல் வெறும் எண்களோடு மறுபடி ஓட்டினேன். ஜோடி பத்து, மிச்சம் ஒன்று என்றுதான் வந்தது. அதே கூட்டுத்தொகை, சிட்டு. ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இப்போது பதினொன்று.

அந்தக் கடிதம் கிடைத்த மூன்றாம் நாளே அவள் பதில் எழுதியிருக்கிறாள். அது கோப்பில் இருந்தது. நான் கணக்கு அறையில் இருக்கிறவள், பார்க்கவில்லை. இரண்டே வரி. “தகவலுக்கு நன்றி. என் பெயரைப் பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள். நான் எழுதிக்கொடுத்த கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.” செயலாளர் அம்மா விதிப்படி கிழித்துவிட்டார், கம்ப்யூட்டரில் இருந்த நகலையும் அழித்துவிட்டார். ஜனவரியிலேயே. அவள் உனக்கு என்ன எழுதியிருந்தாள் என்று இனி யாருக்கும் தெரியாது, அவளைத் தவிர.

பதிவிலிருந்து விலகியவரை யாரும் தேடிப் போகக் கூடாது என்பது விதி. நீயும்தான். பதினாறு வயதில் குழந்தை பெற்றவர்களும் அந்தப் பதிவில் இருக்கிறார்கள்; அவர்களைக் காப்பதும் இதே விதிதான். உனக்காக அதை உடைத்தால் நாளைக்கு அவர்கள் வாசலில் யார் நிற்பார்கள் என்று செயலாளர் அம்மா கேட்டார். எனக்கும் அது சரி என்றே பட்டது. உன் அண்ணன் கமிட்டிக்கு முன்னால் நின்று, “நாங்க அவளைப் பாக்கணும்னு கேக்கல. எங்க வீட்டுப் பொம்பளை எழுதின பொய்யை எங்க வீட்டுப் பொம்பளையே திருத்தணும், அதுக்கு வழி விடுங்க” என்றார். பதினாறு நாள் கழித்து அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வாக்கியம் அது.

வழி விட்டார்கள். ஒரே ஒரு கடிதம். ஒரு பக்கத்துக்குள். தவறைத் திருத்துவதற்கு மட்டும். சந்திக்க வரும்படி கேட்கக் கூடாது. உன் பழைய கடிதத்தை உள்ளே வைக்கக் கூடாது. உன் பெயர், ஊர் கூடாது. நான் எழுதியிருப்பது இது:

“ஜனவரி பன்னிரண்டாம் தேதியிட்டு உங்களுக்கு இல்லத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கும். உங்கள் தாயார் மனம் மாறிவிட்டார் என்று அதில் இருந்தது. அது உண்மை இல்லை. அதை எழுதியது நான். தெரியாமல் எழுதினேன், ஆனால் எழுதியது நான்தான். உங்கள் தாயார் பதிவு திறந்த முதல் நாளே வந்து கடிதம் கொடுத்தார். எதையும் திரும்பப் பெறவில்லை. நாங்கள் கடிதங்களைச் சேர்த்தபோது செய்த பிழையால், அவருடையது வேறொருவருக்குப் போயிற்று. உங்களுக்கு இன்னொருவருக்கு உரிய செய்தி வந்தது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பதில் எழுத வேண்டியதில்லை. உங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, உங்களை யாரும் தேடி வர மாட்டார்கள். இது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் எழுதுகிறேன்.”

இத்தோடு முடித்திருந்தேன். கமிட்டியில் ஒருவர், தாயின் இன்றைய விருப்பத்தை ஒரு வரியில் சேர்க்கலாம், தாய் எழுத்தில் சம்மதம் தந்தால் என்றார். “அவர் இன்னும் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.” அந்த ஒரு வரி.

முதலில் நானே சேர்த்துவிட்டேன். பிறகு அடித்துவிட்டேன். இனியும் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ டிப்போவுக்குப் போவாய். இரண்டு மாதம் ஒருத்தியை மகளே என்று கூப்பிட்டிருக்கிறாய். இதற்கு மேலும் காத்திருக்க உன்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உள்ளே இருப்பதைப் பார்க்காமல் உன் சார்பில் எழுதி அனுப்ப இனி என்னால் ஆகாது. அந்த வரி பொய்யாகிவிட்டால், நான் அவளுக்கு எழுதுகிற இரண்டாவது பொய் அதுதான்.

கடிதம் வெள்ளிக்கிழமை தபாலில் போகிறது. அந்த வரி இருக்கலாமா, கூடாதா? ஒரு சொல் போதும். வியாழக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கிற மாதிரி எழுதிப் போடு.

அண்ணி